ஏழில் நின்ற முள்

அத்தியாயம் 11

கதவு சாத்தப்பட்டதைப் பேச்சிராஜ் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரேமலதாவிடம் உதவியாளாகச் சேரும் முன் பதினைந்து வருஷம் பாபநாசம் லைனில் தனியார் பஸ்ஸுக்குக் கண்டக்டராக இருந்தவன் அவன். கதவு என்று ஒன்று இருந்தால் சாத்தத்தான் செய்யும். ஆனால் அடுத்த நொடி, வெளியிலிருந்து இரும்புத் தாழ்ப்பாள் 'சரக்'கென்று இழுபட்டதே, அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் துள்ளித் திரும்பினான்.

"எக்கா," என்றான். "நம்மள உள்ள வச்சு அடைச்சிட்டாங்க."

"தெரியுது," என்றாள் பிரேமலதா. சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பக்கூட இல்லை.

"தெரிஞ்சுமா இப்படி நிக்கிய?"

"உக்காந்தா மட்டும் திறந்திருமா?"

பேச்சிராஜ் கதவை இடித்தான், உதைத்தான், தோளைக் கொடுத்துத் தள்ளினான். கதவு அசையவில்லை, தோள்தான் வலித்தது. வெளியே காலடிச் சத்தம் அவசரமாகத் தூரப் போனது.

ஆவுடை ரைஸ் மில்லின் தவிட்டு அறை அது. நான்கு பக்கமும் தகரம், தலைக்கு மேலும் தகரம். ஆடி மாசக் காற்று வெளியே பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு துளிகூட உள்ளே வரவில்லை. கூரை வரை மூட்டைகள் அடுக்கியிருக்க, உச்சியில் கம்பி வலை அடித்த ஒரு சதுர ஓட்டை மட்டும் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தவிடு ஒட்டி அரிப்பெடுத்தது. பிரேமலதா மூட்டைமேல் ஏறி ஓட்டையருகே தன் போனை நீட்டிப் பார்த்தாள். ஒரு கோடு வருவதுபோல் வந்து மறைந்தது.

"சிக்னல் இல்ல," என்றாள் இறங்கி.

"என் போன்லயும் இல்ல. ஆளும் இல்ல. மில்லை மூடி எட்டு நாளாச்சு, வாட்ச்மேன் சோத்துக்குப் போயிட்டாரு. அந்த மேனேஜர் சிவசைலம் வேலைதான்க்கா இது. போன வாரமே நம்மள கேட்டுக்கு வெளிய தள்ளினவருல்லா."

பிரேமலதா மணி பார்த்தாள். ஒன்று பத்து. மூன்று மணிக்குப் பாளையங்கோட்டையில் விசாரணை அதிகாரி மும்தாஜ் பேகம் தன் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிடுவார். போட்டுவிட்டால் உச்சிமாகாளி தப்பவே முடியாது.

எட்டு நாளுக்கு முன்னால் இதே மில்லில் நெல் அவித்துக்கொண்டிருக்கும்போது நீராவிக் குழாயின் மூட்டு தெறித்து, இரண்டு பெண்கள் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். பாய்லர் பார்த்த உச்சிமாகாளி ஜெயிலில். ராதாபுரம் பக்கம் பனையேறிக்கொண்டிருந்த மனுஷன், மில் வேலைக்கு வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. பாய்லரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போனில் வந்த பயிற்சிப் பாடம் சொல்லிக் கொடுத்ததுதான். படத்தில் அடுப்பைத் தொட்டால் தீ எரியும், நீராவி அழுத்தம் காட்டும் முள் ஏறும், கேள்வி கேட்கும், சரியாகச் சொன்னால் அடுத்த பக்கம். முள் ஏழைத் தொடுகிறவரை தீயைத் தள்ளு என்று பாடம் சொன்னது, தள்ளினேன் என்கிறான் அவன். அதிகாரி விசாரித்தால் ஒவ்வொரு தொழிலாளி போனிலும் அதே பாடம் ஐந்து என்றுதான் சொல்கிறது. உச்சிமாகாளியின் போன் வெந்நீரில் வெந்துவிட்டது. ஆக, அவன் பொய்யன், அஜாக்கிரதைக்காரன், குற்றவாளி.

அவன் மனைவி இசக்கித்தாய் பிரேமலதாவின் வண்ணார்பேட்டை துப்பறியும் ஆபீஸுக்கு வந்து அழாமல் உட்கார்ந்து ஒன்று சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு குடிப்பாரு, சண்டை போடுவாரு. பொய் மட்டும் சொல்ல வராது. சொன்னா ரெண்டாவது வார்த்தையிலயே மாட்டிக்கிடுவாரு."

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடிக்கிற வேலையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள் பிரேமலதா. அந்த ஒரு பேச்சுக்காகவே கேஸை எடுத்துக்கொண்டாள்.

இப்போது உச்சிமாகாளியின் தலையெழுத்து பேச்சிராஜின் சட்டைப்பையில் இருந்தது. பச்சை உறை போட்ட பழைய போன். சொந்தக்காரன் சங்கிலிபூதத்தான், இதே மில்லில் மூட்டை தூக்குகிறவன். விபத்துக்கு முதல்நாளே நேர்த்திக்கடனுக்காகக் குடும்பத்தோடு காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்குப் போய், காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கியிருந்தான். அமாவாசை முடிந்து இன்று காலையில்தான் மலையை விட்டு இறங்கினான். காட்டில் சிக்னல் கிடையாது. அங்கே இருக்கும்போதே ரீசார்ஜும் தீர்ந்துவிட்டது. பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்து, போனை வாங்கி, பாடத்தைத் திறந்து பார்த்தபோது முள் ஜம்மென்று ஏழில் நின்றது.

பாய்லரில் இருக்கிற நிஜ முள்ளோடு இதை ஒப்பிட்டு ஒரு படம் எடுத்துவிடலாம் என்று மில்லுக்குள் வந்தார்கள். தவிட்டு அறைச் சுவரில் பாடத்தின் அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்து உள்ளே நுழைந்தார்கள். மாட்டிக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணுதான்க்கா விளங்கல," பேச்சிராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அறிவிப்புத் தாளைப் பார்த்தான். க்யூஆர் கோடு கறுப்புக் கட்டம் ஒன்றும், அதன் கீழே 'கேமராவைக் காட்டவும், முகப்புத் திரையில் சேர் என்பதை அழுத்தவும்' என்ற வரியும் இருந்தன. "ஒரே பாடம். எல்லாருக்கும் அஞ்சு, இவனுக்கு மட்டும் ஏழு. எப்படி?"

"இது கடையில தேடி இறக்குற ஆப் இல்ல பேச்சி. இணையத்துல போட்டு வச்சிருக்க ஒரு பக்கம். ஒரு தடவை திறந்து முகப்புல சேத்துட்டா, மொத்தப் பாடமும் போனுக்குள்ள வந்து உக்காந்துக்கிடும். அப்புறம் நெட் இல்லாமலே ஓடும்."

"சரி."

"பாடம் செஞ்சவரு அந்தப் பக்கத்தைத் திருத்தி வெளியிட்டாருன்னு வையி. அடுத்த தடவை நெட்டோட யாரு திறக்காங்களோ, அவங்க போன்ல பழசு போய்ப் புதுசு வந்துரும். கேக்காது, கொள்ளாது. விபத்து நடந்த அன்னைக்கே எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கு, பாடத்தை ஒருக்கத் திறந்து பாருங்கன்னு. எல்லாரும் திறந்தாங்க. சங்கிலி காட்டுல கிடந்தான்."

"அப்ப இந்த போனுக்கு நெட் கிடைச்சு, நாம தெரியாம திறந்தோம்னா?"

"ஏழு அஞ்சாயிரும். உச்சிமாகாளி உள்ளயே கிடப்பான்."

பேச்சிராஜ் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான். வெளியே போக வேண்டுமானால் சிக்னல் வேண்டும். சிக்னல் வந்தால் சாட்சி போய்விடும். நல்ல இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறாள் அக்கா என்று மனசுக்குள் திட்டினான்.

மணி இரண்டாயிற்று. கத்திக் கத்தித் தொண்டை காய்ந்தது. தகரம் தகித்தது. அறை சிறிதாகிக்கொண்டே வருவதுபோல் பேச்சிராஜுக்குத் தோன்றியது. பொங்கல் நேரத்துக் கூட்டத்தில் படியில் தொங்கியவனுக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை. படியில் காற்றாவது வரும்.

"கையைக் காலை வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்றாள் பிரேமலதா.

"பயமா இருக்குக்கா. சொன்னா என்ன?"

"எனக்கும்தான். நீ அந்தப் பாடத்தைத் திறந்து கேள்விக்குப் பதில் சொல்லு. புத்தி வேற பக்கம் போகும். இங்கன நெட் இல்ல, ஒண்ணும் ஆகாது."

பத்துக் கேள்விகள். ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து. மில்லில் ஒருத்தரும் நாலைந்துக்கு மேல் தாண்டியதில்லை, அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். பேச்சிராஜுக்கு இன்று நேரத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று முறை தோற்று, நாலாவது முறை பத்தையும் முடித்தான். பட்டாசு வெடிப்பதுபோல் படம் வந்தது. கீழே ஒரு வரி.

"எக்கா, வாழ்த்து சொல்லுதான். 'செண்பகம் ரைஸ் மில், நாங்குநேரி. பயிற்சியை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள்.' நாம இருக்கது ஆவுடை மில்லுதான? ரூட் மாறி வந்துட்டோமோ?"

பிரேமலதா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு அறிவிப்புத் தாளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியாகப் பேச்சிராஜைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"பேச்சி. இந்த போன் நம்ம கையில இருக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"நமக்கு. சங்கிலிக்கு. அவன் திரும்பக் காட்டுக்குப் போய்ச் சாமான் கட்டுதான்."

"வேற?"

"வேற யாருக்குக்கா தெரியும்?"

"பேச்சி."

பேச்சிராஜ் ஒரு மூட்டையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தான். "பாபநாசத்துல நீங்க டீ வாங்கப் போயிருந்தியள்லா, அப்ப எனக்கு அந்தப் பாடத்தை எப்படித் திறக்கதுன்னு தெரியல. ஒருத்தருக்கு மட்டும் போன் போட்டுக் கேட்டேன். நல்ல தம்பி. பாடம் செஞ்சு கொடுத்த கார்த்திகேசன். நெட் இல்லாமலும் திறக்கும் அண்ணாச்சின்னு பதவிசா சொன்னாரு. இப்ப எங்க போறியன்னும் கேட்டாரு." குரல் உள்ளே போயிற்று. "மில்லுக்குன்னு சொன்னேன்."

பிரேமலதா வாயைத் திறப்பதற்குள், மேலே கம்பி வலைக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தது.

"மேடம், உள்ளயா இருக்கிய?"

கார்த்திகேசனேதான். முப்பது வயசு, மூக்குக் கண்ணாடி, நெற்றியில் திருநீறு. வெளியே எதன்மேலோ ஏறி நின்றுகொண்டிருந்தான். பேச்சிராஜ் மூட்டைகளில் விறுவிறுவென்று ஏறிவிட்டான். "தம்பி, நல்ல நேரத்துல வந்திய. கதவைத் திறங்க முதல்ல."

"திறக்க முடியல அண்ணாச்சி. மேனேஜர் பெரிய பூட்டாப் போட்டுட்டுப் போயிட்டாரு. சாவி அவர்ட்ட. விபத்தன்னைக்கும் அவருதான் நம்பரை மாத்தச் சொல்லி என்னைய விரட்டினாரு. இப்ப உங்களையும் அடைச்சிட்டாரு."

பேச்சிராஜின் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது. பூட்டா? தாழ்ப்பாள் இழுத்த சத்தம் கேட்டது. பூட்டைக் கோத்து அழுத்தினால் ஒரு 'டக்' வரும். அது வரவே இல்லை. பஸ் கதவோடு பதினைந்து வருஷம் குடும்பம் நடத்திய காது, பொய் சொல்லாது. அவன் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"இப்ப என்ன செய்ய தம்பி?" என்றாள் பிரேமலதா, ரொம்பவும் களைத்துப்போன குரலில்.

"என் போன்ல நெட் இருக்கு மேடம். ஹாட்ஸ்பாட் போட்டுட்டேன். மில் வைஃபை பேரும் பாஸ்வேர்டும் அப்படியே வச்சிருக்கேன், சங்கிலி போன் தானாப் பிடிச்சுக்கிடும். நீங்க அதுலருந்து போலீஸுக்குப் பேசுங்க."

"என் போனுக்கும் அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லுங்க. எதுல கிடைக்குதோ அதுல பேசுவோம்."

ஒரு கணம் தயங்கினான். "ஆவுடை, ஒண்ணு ரெண்டு மூணு."

"ஊர்ல பாதி வீட்டுக்கு இதான் சாவி," என்று முனகினான் பேச்சிராஜ்.

பிரேமலதா தன் போனில் எதையோ தட்டி, அதை ஒரு மூட்டை இடுக்கில் நிறுத்தி வைத்தாள். "சுத்திக்கிட்டே இருக்கு தம்பி. போக மாட்டேங்குது."

"சங்கிலி போன்ல பாருங்க மேடம். பாடத்தை ஒருக்கத் திறந்தா போதும். அது சுத்தி வந்துட்டுன்னா நெட் இருக்குன்னு அர்த்தம்."

அடைபட்டுக் கிடக்கிறவர்களைக் காப்பாற்ற வந்தவன், போலீஸ் நம்பரை விட்டுவிட்டுப் பாடத்தைத் திறக்கச் சொல்கிறான். பேச்சிராஜுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. தாழ்ப்பாளை இழுத்தது யார், கடைசிப் பக்கத்தில் ஏன் நாங்குநேரி மில் வாழ்த்தியது என்பது உட்பட. அவன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"பேச்சி, திற," என்றாள் பிரேமலதா.

"எக்கா."

"திறன்னு சொல்லுதேன்லா."

ஒரு டிக்கெட்டைத் தப்பாகக் கிழித்தால் மறு டிக்கெட் கொடுக்கலாம். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இசக்கித்தாய் அழாமல் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலி கண்முன்னால் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடத்தைத் தொட்டான். திறந்து பார்த்தான். அடுப்பு வந்தது, தீ வந்தது, முள் ஏறியது.

"என்ன காட்டுது அண்ணாச்சி?" மேலேயிருந்து குரல் அவசரமாக வந்தது.

"ஏழு," என்றான் பேச்சிராஜ், தன் கண்ணையே நம்பாமல்.

"மூடிட்டு இன்னொரு தடவை திறங்க. கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"திறந்துட்டேன். ஏழுதான்."

"நெட் பிடிச்சிருக்கான்னு பாருங்க. திரும்பத் திறங்க."

"ஏன் தம்பி," பிரேமலதா எழுந்து நின்றாள். களைப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அஞ்சுன்னு வந்தாத்தான் உங்களுக்குப் போலீஸைக் கூப்பிடத் தோணுமா?"

மேலே இருந்த முகம் வலையை விட்டுச் சற்றுப் பின்வாங்கியது.

"பாபநாசத்துலயே அந்த போனை ஏரோபிளேன் மோடுல போட்டுட்டேன். யாரு ஹாட்ஸ்பாட் போட்டாலும் அதுக்குக் கேக்காது. பேச்சிட்ட சொல்லல, அவன் வாய் அப்படி. உங்க நெட்டை என் போன் பிடிச்சிக்கிட்டு. அஞ்சு நிமிஷமா விசாரணை அதிகாரி வீடியோல இருக்காங்க. நீங்க பேசினது பூராவும் கேட்டாச்சு. இப்ப நீங்க நெட்டை அமத்தினாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல."

மூட்டை இடுக்கிலிருந்து மும்தாஜ் பேகத்தின் குரல் தெளிவாக வந்தது. "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"மேடம், நான் வேணும்னு செய்யல," என்றான் கார்த்திகேசன். "மேனேஜர்தான்..."

"மேனேஜர் நம்பரை மாத்தச் சொல்லியிருந்தா நம்பர் மட்டும்தான மாறியிருக்கும்? கடைசிப் பக்கத்துல நாங்குநேரி மில் எதுக்கு வாழ்த்து சொல்லுது? அங்க இருக்கது பெரிய பாய்லர், அதுக்கு ஏழு சரி. அந்தப் பாடத்தை அப்படியே எடுத்து, முதல் பக்கத்துல பேரையும் போட்டோவையும் மட்டும் மாத்தி இவங்களுக்கு வெளியிட்டுட்டிய. கடைசி வரைக்கும் எவனும் வரமாட்டான்னு நினைச்சிய. எங்க பேச்சி வந்துட்டான்."

பேச்சிராஜுக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"பிரேமலதா," என்றார் அதிகாரி. "உங்க கையில உள்ள போன்ல ஏழு இருக்கு, சரி. அதைப் போட்டது யாருன்னு நான் அறிக்கையில எழுதணும்னா, அவர் வாயால வரணும். இல்லன்னா வக்கீல் வந்து, உச்சிமாகாளி ஆளுங்களே செஞ்சதுன்னு சொல்லிட்டுப் போயிருவாரு."

மணி இரண்டு நாற்பது. மேலே இருந்த முகம் மறைந்துவிட்டது. ஆனால் ஓடுகிற காலடிச் சத்தம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஓடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் அவன் நின்றுகொண்டிருந்தான். தகரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்போது அடைபட்டவர்கள்தான்.

பிரேமலதா தகரத்தின் அருகே போய்ப் பைய கேட்டாள். "தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பாடத்தை இன்னும் எந்த மில்லுக்குக் கொடுத்திருக்கிய?"

அவள் தகரத்தை மெல்லத் தட்டினாள்.

"சின்ன பாய்லர் இருக்க மில்லு ஏதாவது?"

அவன் குரல் தணிவாக வந்தது. "களக்காட்டுல ஒண்ணு."

"அங்க திருத்தியாச்சா?"

"இல்ல. திருத்தினா, ஏன் திருத்துனன்னு கேப்பாங்க. அதான்..." மூச்சு வாங்கியது. "இப்பத் திருத்துதேன் மேடம். அஞ்சே நிமிஷம், இங்கன நின்னே வெளியிட்டுருதேன்."

"நீங்க திருத்தினா, நெட்டோட திறக்கவனுக்குத்தான் மாறும். பாய்லர் பக்கத்துல நிக்கவன் போன்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? இன்னைக்கு அங்க நெல் அவியல் உண்டா?"

"வியாழக்கிழமை உண்டு," என்றான் கார்த்திகேசன். அன்று வியாழக்கிழமை.

பிறகு வெளியே போனில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. மணி அடித்தது. பேச்சிராஜ் எண்ணிக்கொண்டே இருந்தான். ஒன்பதாவது மணிக்கு யாரோ எடுத்தார்கள்.

"அண்ணாச்சி, நான் பாடம் செஞ்சு தந்த கார்த்திகேசன் பேசுதேன். பாய்லர்ல முள் எதுல நிக்கி?... ஆறா? அடுப்புத் தீயை வெளிய இழுக்கச் சொல்லுங்க. இப்பவே இழுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, பொம்பளையாளுகளை வெளிய போகச் சொல்லுங்க. பாடத்துல ஏழுன்னு இருக்கது தப்பு. அஞ்சுதான்." குரல் அழுகையில் தடுமாறியது. "யாரும் மாத்தல. நான் போட்டதுதான். ஆவுடை மில்லுலயும் நான்தான் போட்டேன். அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல."

மூட்டை இடுக்கில் மும்தாஜ் பேகம் ஒரு தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. "இனி வேற அறிக்கை எழுதணும்," என்று மட்டும் சொன்னார்.

தாழ்ப்பாள் 'சரக்'கென்று பின்னால் போனது. பூட்டு எதுவும் இருக்கவில்லை. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே விழுந்தன. வாசலில் கார்த்திகேசன் போனைக் கையில் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாலு போடு போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்த பேச்சிராஜ், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துவந்து நீட்டினான்.

பிரேமலதா உடம்பெல்லாம் தவிடோடு வெயிலில் நின்று இசக்கித்தாயைக் கூப்பிட்டாள்.

"இசக்கித்தாய், உங்க வீட்டுக்காரரு பொய் சொல்லல."

"அது எனக்குத் தெரியும்மா," என்றாள் இசக்கித்தாய். "அவங்களுக்குத் தெரிஞ்சிட்டா?"

"தெரிஞ்சிட்டு," என்றாள் பிரேமலதா.

அப்போதுதான் மறுமுனையில் அவள் அழும் சத்தம் கேட்டது.